உட்கார வந்தவர்

கொல்லிமலையில் சோளக்காடு என்கிற ஊரில் அவர் ஜீப்பின் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. மிளகு மூட்டை, அன்னாசி, மரவள்ளிக் கிழங்கு, வலி எடுத்த பெண், பள்ளிக்கூடத்துக்கு வந்த மேசை நாற்காலி என்று எல்லாமே அதில் ஏறி இறங்கியிருக்கின்றன. சுமையோடு போனால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். சுமை இல்லாமல், சலவை வேட்டி கட்டி, தோளில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு அவர் தனியாக ஓட்டிப் போனால், சந்தையில் பழம் விற்கிற பெண்கள் கூவுவதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

"யாரு போயிட்டாங்களாமா?"

மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். எந்த நாட்டில் யார் இறந்தாலும் அவர் போய்விடுவார். சொந்தமா, பழக்கமா என்று பார்ப்பதில்லை. ஒருமுறை ஜீப்பில் ஏறியவராக இருந்தால் போதும். போய்ச் சுவரோரமாகத் தரையில் உட்காருவார். ஒரு மணி நேரம். அழ மாட்டார், ஆறுதல் சொல்ல மாட்டார், எப்படி ஆச்சு என்று கேட்க மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார்.

இதற்காக யாரும் அவரைக் கொண்டாடியதில்லை. உண்மையைச் சொன்னால், பயந்தார்கள். எடப்புளி நாட்டில் ஒரு வீட்டில் மிளகு ஏற்றப் போனபோது, மற்ற வேட்டிகள் ஈரமாக இருந்ததால் அன்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அந்த வீட்டில் ஒரு கிழவர் நாலு நாளாகப் படுக்கையில் கிடந்தார். வாசலில் இவர் இறங்கியதைப் பார்த்ததும் உள்ளே இருந்த பெண்கள் குரலெடுத்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். கிழவர் எழுந்து உட்கார்ந்து, "நா இன்னும் சாவல. அவன மொதல்ல போகச் சொல்லு" என்று கத்தினாராம். அதற்கப்புறம் தொழிலுக்குப் போகும்போது காக்கிச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியும்தான். வெள்ளை வேட்டியைத் துக்கத்துக்கென்றே ஒதுக்கி வைத்தார்.

கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம் என்று என் அம்மா சொல்வார். முப்பது வயதில் பெண் பார்க்கப் போன வீட்டில், இவர் முகத்தைக் கண்டதும் பெண்ணின் தாயார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாராம். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அந்த வீட்டில் ஒரு சாவு. அப்போது வந்து உட்கார்ந்த முகம் அது. இவர் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். பிறகு பெண் பார்க்கவே போகவில்லை. விசேஷங்களுக்கு ஆட்களை ஏற்றிவந்து இறக்குவார், பந்தலுக்குள் வர மாட்டார். யாராவது இலையில் சோற்றைப் போட்டு ஜீப்புக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"உள்ள வாங்க பெரியப்பா, எல்லாரும் உள்ளதான் சாப்பிடறாங்க" என்றேன்.

"உள்ள கூட்டம் கெடக்குது கண்ணு. நா இல்லீன்னு யாரும் தேட மாட்டாங்க" என்று சிரித்தார்.

துக்க வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே ஆள் ஒரு வெள்ளைக்கார அம்மாள்தான்.

ஆல்ப்ஸ் மலையில் ஏதோ ஓர் ஏரிக்கரை ஊர் அவருக்கு. ஒவ்வொரு வருஷமும் சாமை, தினை அறுப்பு முடிகிற சமயத்தில் கொல்லிமலைக்கு வந்து, தேவனூர் நாட்டுப் பக்கம் விவசாயிகளிடம் விதைகளைக் கேட்டு வாங்கிக் குறிப்பெடுத்துக்கொண்டு போவார். ஐந்தாறு வருஷம் தொடர்ந்து இவர் ஜீப்பைத்தான் வாடகைக்கு எடுத்தார். வேலைக்கு நடுவில் சாவுச் செய்தி வந்தால் இவர் கொஞ்சமும் யோசிக்காமல் வண்டியைத் திருப்பிவிடுவார். அந்த அம்மாள் என்ன செய்வார்? ஜீப்பில் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? முதல் தடவை இறங்கி வந்து இவரோடு சுவரோரம் உட்கார்ந்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நீளமான கால்களை மடக்க முடியாமல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மொழி கிடையாது. அங்கே அது தேவைப்படவும் இல்லை.

ஒருமுறை தன் ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி அந்த அம்மாளே இவரைச் சேலத்துக்கு அழைத்துப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். இவர் அதை டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். போகவில்லை.

நான் நர்ஸ் படித்துவிட்டு ஜெர்மனிக்கு, மியூனிக்கில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். இரண்டாம் வருஷம் என் அப்பா இறந்துபோனார். மாடு மேய்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எங்கள் பக்கம் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். டிக்கெட் கிடைத்திருந்தாலும் நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தம்பி வீடியோவில் காட்டினான். மலையில் சிக்னல் எப்படி என்று தெரியும்தானே. அப்பாவின் முகத்துக்குக் கேமரா போவதற்கு முன்பே படம் உறைந்து நின்றுவிட்டது. உறைந்த அந்தப் படத்தில் இருந்தது எங்கள் வீட்டுச் சுவரும், சுவரோரமாகத் துண்டோடு உட்கார்ந்திருந்த அவரும்தான். போன் கட்டாகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனேன். வேலை செய்தேன். அடுத்த நாளும் செய்தேன். அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார்களோ, அதற்கு என்ன பதில் சொல்வதோ என்று இருந்தது.

ஒரு வருஷம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங் கண்ணு, நல்லாருக்கறயா? அந்த வெள்ளக்காரம்மா போயிட்டாங்களாமா. செம்மேட்டுல அந்த வெத ஆபீசுக்கு லெட்டர் வந்துச்சு. ஐப்பசியிலயே போயிட்டாங்க. எனக்கு இப்பத்தான் தெரியும். நா வரோணும்."

"எங்கீங்க பெரியப்பா?"

"அவிய ஊட்டுக்குத்தான். நீ இருக்கற ஊருக்குப் பக்கமாமே."

விசா, டிக்கெட், அழைப்புக் கடிதம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜீப்ப வித்துட்டேன் கண்ணு. நீ அந்தக் கடுதாசிய மட்டும் அனுப்பு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஜீப்பையா? ஏனுங்க?"

"அந்தம்மா உக்காந்த சீட்டு காலியாவே இருந்துச்சு. ஆள ஏத்துனாலும் காலியாத்தான் இருந்துச்சு."

ஜூன் மாதத்தில் வந்தார். விமான நிலையத்தில் எல்லோரும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வர, அவர் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். என் வீடு ஒற்றை அறை. குளித்துவிட்டு வந்தவர் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டார். நான் தோசைக் கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அத எறக்கி வெச்சிரு கண்ணு" என்றார்.

ஏன் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்குக் கீழே, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கப்பனுக்கு உன்கிட்ட இன்னும் துக்கம் கேக்கல."

அடுப்பை அணைத்தேன். எங்கே நிற்பதென்று தெரியவில்லை. அவருக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெளியே டிராம் போய்க்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் அழுத அழுகையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் எழுந்து வந்து தலையைத் தடவவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்து, துண்டை உதறினார். அப்புறம்தான் அவருக்கு வெளியே போக இடமில்லை என்பது உறைத்திருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு போய் மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"இப்ப தோச ஊத்து" என்றார்.

மறுநாள் காலை கிளம்பினோம். இரண்டு ரயில் மாற வேண்டும். வழியெல்லாம் மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். உச்சியில் வெயிலில் மின்னுவது பனி என்று சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எதுக்குங்க பெரியப்பா இப்படி எல்லாச் சாவுக்கும் போறீங்க?"

ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "போகாம இருந்தா அந்த ஊட்டத் தாண்டி வண்டி ஓட்ட முடியறதில்ல கண்ணு" என்றார். அதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை என்று தோன்றியது.

ரயில் நிலையம் ஏரிக்கு இந்தப் பக்கம். ஊர் அந்தப் பக்கம். படகில்தான் போக வேண்டும். மலை நேராக ஏரிக்குள் இறங்குகிறது. நடுவில் கிடைத்த கொஞ்சம் இடத்தில் மரவீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. நடுவே கூர்மையான ஒரு கோபுரம். அதன் நிழல் தண்ணீரில் அசையாமல் கிடக்கிறது. படகில் இருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மலைக்குள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக உப்பு வெட்டி எடுத்த பழைய ஊர் அது என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"மலையில உப்பா?" என்று முதல்முறையாக வியந்தார். "எங்க அப்புச்சி காலத்துல உப்புக்குன்னே மூட்டையத் தூக்கிட்டு அடிவாரத்துக்கு நடந்தாங்களாமா. இவியளுக்கு ஆண்டவன் ஊட்டுக்குப் பின்னாலயே வெச்சிருக்கறான்."

கரையில் இறங்கியதும் கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. தெரு ஓர் ஆள் கையை விரித்தால் அடைகிற அகலம். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் யாராவது நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பூந்தொட்டிகளை ஒட்டிப் பல மொழிகளில் பலகைகள்: இங்கே மக்கள் வசிக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள், உள்ளே வராதீர்கள். கூட்டத்துக்கு நடுவில் வெள்ளை வேட்டியும் துண்டுமாக அவர் நடந்தபோது, இரண்டு மூன்று பேர் அவரையும் படம் எடுத்தார்கள்.

கடிதத்தில் இருந்த முகவரியைக் கண்டுபிடித்தோம். ஏரியை ஒட்டிய பழைய வீடு. தோட்டக் கதவில் கை வைத்ததுமே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கம்பளிச் செருப்போடு கோபமாக வந்தார்.

"தனியார் வீடு! பலகையைப் படிக்கத் தெரியாதா?"

நாங்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் மனைவியின் பெயரைச் சொன்னேன். இந்தியாவில் அவருக்கு ஜீப் ஓட்டியவர் இவர் என்றேன். கோபம் இறங்கியது, ஆனால் சந்தேகம் போகவில்லை.

"அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. அடக்கமெல்லாம் முடிந்தது. இவருக்கு என்ன வேண்டும்? ஏதாவது தருவதாகச் சொல்லியிருந்தாளா?"

"ஒன்றும் வேண்டாம். உட்கார வந்திருக்கிறார்."

"உட்காரவா?"

"எங்கள் ஊரில் அப்படித்தான். இறந்த வீட்டில் வந்து உட்காருவோம்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

கூடத்தில் ஓடு பதித்த பெரிய கணப்பு ஒன்று இருந்தது. அதன் பக்கத்துச் சுவரோரமாக இவர் உட்கார்ந்தார். அந்த முதியவர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். வேண்டாம் என்று நான் சொன்னேன். காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அது ஆறியது. கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். ஆல்பத்தை எடுத்து வந்து இவர் மடியருகில் விரித்து, அவளுக்குப் பத்து வயது, இது எங்கள் கல்யாணம், இது மகன், வியன்னாவில் இருக்கிறான் என்று காட்டினார். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். இவர் கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் அவரும் ஆல்பத்தை மூடிவிட்டார். நாற்காலியிலிருந்து இறங்கி, கணப்பைச் சுற்றியிருந்த தாழ்ந்த பலகையில் உட்கார்ந்தார். வெளியே கூட்டத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று பேச ஆரம்பித்தார். என்னிடம் இல்லை, மொழி தெரியாத இவரிடம். கடைசி மாதத்தில் அவளால் மாடி ஏற முடியவில்லை, கட்டிலை இந்தக் கூடத்துக்கு இறக்கினேன், இதோ இங்கேதான், ஏரி தெரிகிற மாதிரி. ஜன்னல் வழியாக யாரோ அவளைப் படம் எடுத்தார்கள். நான் திரையை இழுத்துவிட்டேன். ஏரியைப் பார்க்க வேண்டும், திற என்றாள். திறக்கவில்லை. அன்றைக்கு நான் திறக்கவில்லை.

அதையே இரண்டு தடவை சொன்னார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நிறைய அட்டைகள் வந்தன. மகன் வந்து இரண்டு நாள் இருந்தான். ஒரு நாளைக்கு இந்த ஜன்னலைத் தாண்டி எத்தனை ஆயிரம் பேர் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? சாயங்காலம் கடைசிப் படகு போனதும் பக்கத்து வீடுகளில் விளக்கு எரியாது. எல்லாம் வாடகை அறைகள் ஆகிவிட்டன. எட்டு மாதத்தில் இந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது நீங்கள்தான்."

ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி நடந்தார். முதியவர் திடுக்கிட்டு எழுந்தார். "நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லை. துக்க வீட்டிலிருந்து போகும்போது வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு துக்கத்தை அழைத்ததாக ஆகிவிடும்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டாரே தவிர, எங்கள் பின்னாலேயே கம்பளிச் செருப்போடு படகுத் துறை வரைக்கும் வந்துவிட்டார். வரிசை நகர்ந்தது. ஏறப் போகிற நேரத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "மறுபடி வருவாரா? கேளுங்கள்."

கேட்டேன். இவர் முகம் மாறிப்போனது.

"நா மறுக்கா வந்தா இவுருக்காகத்தான கண்ணு வரோணும்? அத எப்படி நா வாயால சொல்றது?"

பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். முதியவர் கையை விடவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். இவர் ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவுச் செய்தி கேட்டால் நொடியில் வண்டியைத் திருப்புகிற மனிதர், ஒரு வார்த்தைக்கு அவ்வளவு திண்டாடியதை நான் பார்த்ததில்லை.

"சும்மா வாரேன்னு சொல்லு" என்றார் கடைசியில். "யாருக்கும் ஒண்ணும் ஆகாம, சும்மா."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். முதியவர் கையை விட்டார். படகு நடு ஏரிக்கு வருகிற வரை துறையில் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் கூட்டம் அவரை மறைத்துவிட்டது. பெரியப்பா சும்மா வர முடியாது என்று எனக்குத் தெரியும். விற்பதற்கு இனி ஜீப் இல்லை. அவருக்கும் தெரியும். இப்போதும் மலையில் பஸ்ஸிலும் நடந்தும்தான் துக்கத்துக்குப் போகிறாராம். அம்மா போனில் சொல்வார்.

திரும்பும் ரயிலில் அவர் மலைகளைப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டே வந்தார். மியூனிக் நெருங்கும்போது கேட்டார்.

"ஏங் கண்ணு, ஒரு ஊட்டுக்குச் சும்மா போறதுன்னா என்ன கொண்டுக்கிட்டுப் போவாங்க?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய மனிதருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை.

"பழம் வாங்கிட்டுப் போவாங்க. பூ. கேக்கு."

"போயி?"

"பேசிட்டு இருப்பாங்க."

"என்னன்னு?"

எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ரயில் நிலையத்துப் பழக்கடையில் அன்னாசியை முகர்ந்து பார்த்துவிட்டு, இது பழுக்கவே இல்லை, நம்மூருப் பழத்துக்குக் கிட்ட வராது என்று வைத்துவிட்டார். செர்ரிப் பழம் ஒரு பொட்டலம் வாங்கச் சொன்னார். எனக்காக என்று நினைத்தேன். வீட்டு மாடி ஏறி, நான் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவர் எங்கள் எதிர்க் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஊட்டுல யாரு இருக்கறாங்க?"

"ஒரு வயசான அம்மா. தனியா."

"பேரென்ன?"

"தெரியலீங்க."

"நீ இங்க வந்து எத்தன வருசம்?"

மூன்று வருஷத்தில் அந்த அம்மாளை மாடிப்படியில் கண்டால் தலையாட்டியிருக்கிறேன். இரவில் அவர் இருமுவது என் அறை வரைக்கும் கேட்கும். அவ்வளவுதான்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துத் துணிப்பைக்குள் வைத்தார். செர்ரிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"வா கண்ணு. மணிய அமுத்து."

அமுக்கினேன். உள்ளே செருப்பை இழுத்து நடந்து வருகிற சத்தம். சங்கிலி கழன்றது. கதவு ஒரு சாண் திறந்து, அந்த அம்மாள் எங்களைப் பார்த்தார்.

என்ன சொல்வதென்று தெரியாமல் நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.